கட்டிப்பிடிக்க ஒரு மெஷின்

மாட்டுக்கு ஊசி போடுகிற கூண்டுக்குள் ஒரு பெண் தானாகவே போய் நின்றார். நடந்தது 1960களின் நடுவில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், அவருடைய அத்தையின் பண்ணையில். அந்தப் பெண்ணின் பெயர் டெம்பிள் கிராண்டின். பிற்பாடு கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனவர். அன்றைக்கு அவர் பள்ளி மாணவிதான்.

அந்தக் கூண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாடு உள்ளே வந்ததும் இரண்டு பக்கப் பலகைகளும் நெருங்கி வந்து அதன் விலாவை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மிரண்டுபோய் வந்த மாடுகள் சில, அந்த அழுத்தம் பட்டதும் அடங்கி நிற்பதை டெம்பிள் கவனித்தார். அவருக்கோ வயதுக்கு வந்த நாளிலிருந்தே தீராத படபடப்பு. காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாட்டுக்கு ஆகிறது தனக்கும் ஆகாதா என்று தோன்றியது. அத்தையிடம் கேட்டார், அத்தை கூண்டை இயக்கினார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மனசு அமைதியாக இருந்ததாக டெம்பிள் பின்னாளில் எழுதியிருக்கிறார்.

டெம்பிளுக்கு ஆட்டிசம் (மதியிறுக்கம் என்றும் சொல்கிறார்கள்). 1947இல் பிறந்தவர், மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. யாராவது அணைத்துக்கொண்டால் உடம்பு விறைத்துப்போகும். ஆனால் அணைப்பே வேண்டாம் என்றில்லை! வேண்டும், ஆனால் திடீரென்று, தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் வருகிற தொடுகை வெள்ளம்போல மூழ்கடித்துவிடும். வேண்டியதும் அதுதான், தாங்க முடியாததும் அதுதான்.

பண்ணையிலிருந்து திரும்பியதும் மரப்பலகையை வைத்துத் தனக்கென்று ஒரு கூண்டு செய்துகொண்டார். பிறகு வந்த வடிவங்களில் இரண்டு சாய்ந்த பலகைகள், உள்பக்கம் தடிமனான நுரை மெத்தை, காற்றழுத்தத்தில் இயங்கும் பொறி, உள்ளே இருப்பவர் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு நெம்புகோல். "ஸ்க்வீஸ் மெஷின்" என்று அவர் சொன்னதை மற்றவர்கள் "ஹக் மெஷின்" ஆக்கிவிட்டார்கள். வசூல்ராஜாவின் கட்டிப்பிடி வைத்தியம் ஞாபகம் வந்தால் தப்பில்லை. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். இங்கே எவ்வளவு இறுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதை முடிவு செய்வது கட்டிப்பிடிக்கப்படுகிறவர்தான். நெம்புகோல் அவர் கையில்!

பள்ளியில் இருந்த மனநல ஆலோசகருக்கு இது பிடிக்கவில்லை. அந்தக் காலத்து மனநலத் துறையை நினைத்தால் அதில் ஆச்சரியமும் இல்லை. லியோ கேனர் 1943இல் 11 குழந்தைகளை வைத்து ஆட்டிசத்தை விவரித்தார். அடுத்த இருபது வருடங்களில், தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்ற அபத்தமான எண்ணம் வேரூன்றிவிட்டது. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு மறைபொருள் தேடுவார்கள். கூண்டு என்றால் கருவறையா, சவப்பெட்டியா என்று ஆராய்ச்சி! படபடப்பு குறைகிறதா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் போதும். அதைவிட்டு மெஷினையே பிடுங்கப் பார்த்தார்கள்.

காப்பாற்றியவர் அறிவியல் ஆசிரியர் வில்லியம் கார்லாக். மெஷின் நல்லதா கெட்டதா என்று வாதாட வேண்டாம், அது ஏன் வேலை செய்கிறது என்று கண்டுபிடி என்றார். டெம்பிள் நூலகத்துக்குப் போனார். கல்லூரியில் சக மாணவர்களை மெஷினுக்குள் படுக்க வைத்துச் சோதித்தார். ஆட்டிசம் இல்லாத அவர்களிலும் பலருக்கு அது இதமாக இருந்தது. 1992இல் ஆழ்ந்த அழுத்தம் தரும் அமைதியைப் பற்றி ஒரு ஆய்விதழில் கட்டுரையே எழுதினார். 1999இல் அவரும் வேறு ஆய்வாளர்களும் சேர்ந்து 12 குழந்தைகளிடம் சோதித்தபோது மெஷினைப் பயன்படுத்தியவர்களிடம் இறுக்கம் குறைந்தது தெரிந்தது. சிறிய ஆய்வுதான், அதை வைத்துப் பெரிதாக எதுவும் சொல்லிவிட முடியாது.

மெஷின் எல்லாவற்றையும் சரி செய்துவிடவும் இல்லை. வயது ஏற ஏறப் படபடப்பு முற்றி, உடம்பையே கெடுக்க ஆரம்பித்தது. 1980களின் தொடக்கத்தில் மனச்சோர்வுக்கான மாத்திரையைக் குறைந்த அளவில் எடுக்கத் தொடங்கினார். தன்னைக் காப்பாற்றியது அதுதான் என்று வெளிப்படையாகவே சொல்கிறார். மெஷினைக் கொண்டாடுகிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்... விடக்கூடாது.

மெஷின் 2008 வாக்கில் பழுதானது. அதைச் சரி செய்யவே இல்லை, இப்போது மனிதர்களைக் கட்டிப்பிடிக்கிறேன் என்று 2010இல் ஒரு பேட்டியில் சொன்னார்.

டெம்பிளுக்கு ஒத்துவந்தது எல்லாருக்கும் ஒத்துவராது. சிலருக்கு அழுத்தமே ஆகாது. சத்தமும் கூட்டமும் பேச்சும் இல்லாத ஒரு மூலை கிடைத்தால் போதும். 1992இல் ஜிம் சின்க்ளேர் முதலான ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கினார்கள். ஆட்டிசம் என்றாலே குழந்தைகள், பெற்றோர்கள், மருத்துவர்கள் என்றிருந்த காலம் அது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து எங்கே போனார்கள் என்று கேட்க ஆளில்லை. 1996இல் அவர்கள் நியூயார்க் மாநிலத்தில் "ஆட்ரீட்" என்ற முகாமை நடத்தினார்கள். அதற்கு வருகிறவர்கள் சட்டையில் வண்ண அட்டை குத்திக்கொள்ளலாம். சிவப்பு என்றால் யாரும் என்னிடம் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். முகாமில் எல்லா நிகழ்ச்சிக்கும் போக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அறையிலேயே இருந்துவிட்டாலும் யாரும் வந்து ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

ஆட்ரீட் 2013இல் கடைசியாக நடந்தது. அந்த வண்ண அட்டைகள் மட்டும் வேறு பல மாநாடுகளுக்குப் போய்விட்டன.