ஐஸ் ஹவுஸில் குடியிருந்த பெண்கள்

மெரினா கடற்கரைக்கு எதிரே வட்டமாக நிற்கும் அந்தக் கட்டடத்துக்கு இரண்டு பெயர்கள். பேருந்தில் கேட்டால் ஐஸ் ஹவுஸ். வாசலில் விவேகானந்தர் இல்லம். முதல் பெயர், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் அதைக் கட்டிய வணிகத்தின் நினைவு. மற்றது, 1897இல் விவேகானந்தர் அங்கே தங்கிய ஒன்பது நாட்களின் நினைவு, 1963இல் சூட்டப்பட்டது. பல ஆண்டுகள் அங்கேயே உண்டு, உறங்கிப் படித்த இளம் விதவைகள் இந்த இரண்டு பெயரிலும் இல்லை.

2004இல் சென்னை தினக் கொண்டாட்டம் தொடங்கியதிலிருந்து ஆகஸ்ட் மாதத்தில் ஊரெங்கும் வரலாற்று நடைகள் நடக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1639இல் நிலம் கிடைத்த நாளே இதற்கு ஆதாரம். அதனால் கதை கோட்டையில் தொடங்கி, துரைமார், துபாஷிகள், நீதிபதிகள் என்று நகர்கிறது. திருவல்லிக்கேணியில் மாணவிகளோடு நான் போகும் நடையை ஐஸ் ஹவுஸிலிருந்து தொடங்குவது இதனால்தான்.

சகோதரி சுப்புலட்சுமி பதினொரு வயதில் மணமாகி, சீக்கிரமே கணவனை இழந்தவர். 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு எழும்பூரில் நான்கு பெண்களோடு ஓர் இல்லம் தொடங்கினார். வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர், அவரைப் போலவே விதவையான அவருடைய சித்தி. 1917இல் அரசு ஐஸ் ஹவுஸை வாங்கியபின் இல்லம் அங்கே வந்தது. எதிரே வந்தாலே அபசகுனம் என்று ஒதுக்கப்பட்ட பெண்கள் படித்து, ஆசிரியைகளாக வெளியேறினார்கள்.

இதோடு நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அது பிராமண விதவைகளுக்கு மட்டுமான இல்லம். பிற சாதியினரோடு சேர்த்தால் குடும்பங்கள் பெண்களை அனுப்பமாட்டார்கள் என்று அன்று நியாயம் சொன்னார்கள். அந்த நியாயத்தையும், கதவுக்கு வெளியே நின்றவர்களையும் சேர்த்தே நான் சொல்கிறேன். சாதனைப் பெண் ஒருவரைப் பட்டியலில் சேர்த்துவிட்டு சாதியை மறைத்தால், பழைய வரலாற்றுக்குப் புதுச் சேலை கட்டியதாகத்தான் ஆகும்.

அங்கிருந்து நடுக்குப்பம் பக்கம்தான். தலைமுறை தலைமுறையாக மீன் விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்களுக்கு நினைவுக் கட்டடம் எதுவும் இல்லை. 2017 ஜனவரி 23 அன்று அங்கிருந்த மீன் சந்தை எரிந்தது. எரிந்தது அவர்களுடைய கூடையும் முதலும். அந்தத் தேதியும் இந்த வட்டாரத்தின் வரலாறுதான். அதைச் சொல்ல வேண்டியவர்கள் அந்தப் பெண்கள். நடத்துபவள் அங்கே வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

பாரம்பரியம் என்றால் பழைய சுவர் என்று பழகிவிட்டோம். சுவருக்குக் காவலிருக்க ஆட்கள் உண்டு. அதற்குள் சமைத்தவள், அதன் நிழலில் கூடையை இறக்கி வைத்தவள் பற்றிய நினைவு, சொல்ல ஆளிருக்கும்வரைதான். உங்கள் தெருவில் வயதான பெண்கள் இருப்பார்கள். யார் எங்கே வேலை செய்தார்கள், எந்தக் கிணற்றில் யாரை விடவில்லை என்று கேளுங்கள். பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள்.