மிதித்த கால்களும் மறவாத நாவும்

மலாக்காவுக்கு மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் பெரும்பாலும் புனித பவுல் குன்றில் ஏறாமல் திரும்புவதில்லை. கூரையற்ற தேவாலயம், சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்ட பழைய கல்லறைக் கற்கள், வலக்கை இல்லாத வெண்ணிறச் சிலை ஆகியவற்றைக் காட்டுகிறோம். போர்த்துகீசியர் 1511-இல் வந்தனர், டச்சுக்காரர் 1641-இல் கைப்பற்றினர் என்று கூறிவிட்டு இறங்கிவிடுகிறோம். அச்சிலைக்குரிய பிரான்சிஸ் சவேரியார் இதே மலாக்காவில் 1547 டிசம்பர் மாதம் ஒரு ஜப்பானியரைச் சந்தித்தார் என்பதும், அச்சந்திப்பிலிருந்து கிளைத்த வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டது என்பதும் நம் பேச்சில் இடம்பெறுவதில்லை. பெற்றோர்களும் அறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க வரலாறு அது.

அந்த ஜப்பானியரின் பெயர் அஞ்சிரோ. ககோஷிமாவில் ஒருவரைக் கொன்றுவிட்டுப் போர்த்துகீசியக் கப்பலில் தப்பி வந்தவர். சவேரியாரோ அதற்கு முன்பே, 1542 முதல், முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றி, செபங்களைத் தமிழில் பெயர்த்து வாங்கி மனப்பாடம் செய்து ஊர் ஊராக ஓதியவர். அஞ்சிரோ கோவாவில் 1548-இல் திருமுழுக்குப் பெற்றார். 1549 ஆகஸ்ட் 15-ஆம் நாள் இருவரும் ககோஷிமாவில் கரையிறங்கினர்.

மொழி கற்பிக்கும் நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. கடவுள் என்னும் சொல்லுக்கு அஞ்சிரோ 'தைனிச்சி' என்று மொழிபெயர்த்துக் கொடுத்தார். அதுவோ ஒரு பௌத்தப் பிரிவினர் வணங்கும் புத்தரின் பெயர். வந்திருப்பது இந்தியாவிலிருந்து வந்த புதிய பௌத்தக் கிளை என்றே மக்களில் பலர் எண்ணினர். பிழை தெரிந்த பின் சவேரியார் அச்சொல்லைக் கைவிட்டு 'தேயுஸ்' என்னும் இலத்தீன் சொல்லையே வழங்கலானார்.

ஆனால், சொல்லைவிடப் பெரிய இடர் ஒன்று காத்திருந்தது. திருமுழுக்குப் பெற்றவர்கள் தம் முன்னோரைப் பற்றிக் கேட்டனர். இவ்வேதத்தைக் கேள்விப்படாமலே இறந்துபோன தாய்தந்தையரும் பாட்டன்மாரும் எங்கே இருக்கிறார்கள்? நரகத்திலிருந்து அவர்களுக்கு மீட்சி உண்டா? இல்லை என்றே சவேரியார் கூறினார். அன்றைய போதனை அவ்வாறு இருந்தது. கேட்டவர்கள் அழுதார்கள். அவர்கள் அழுவதைக் காண்பது தமக்கும் துயரமாக இருந்ததாக அவரே 1552-இல் கொச்சியிலிருந்து எழுதிய மடலில் குறிப்பிடுகிறார். முன்னோர் வழிபாட்டை உயிராகப் போற்றும் சமூகத்தில் இதைவிடக் கடினமான போதனை வேறொன்று இருந்திருக்க முடியாது. நம்மவர் திதி கொடுப்பதை நினைத்துப் பார்த்தால் அவ்வழுகை நமக்குப் புரியும். அழுதவர்களுள் பலர் அதன் பின்னரும் விலகிச் செல்லவில்லை என்பதுதான் வியப்பு.

அடுத்த நாற்பது ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். கியூஷு தீவின் சிற்றரசர் சிலர் மதம் மாறினர். நாகசாகி துறைமுகம் கிறித்தவ நகராயிற்று. 1587-இல் ஹிதேயோஷி பாதிரிமாரை வெளியேற ஆணையிட்டார். 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியின் நிஷிசாகா குன்றில் 26 பேர் சிலுவையில் கொல்லப்பட்டனர். கியோத்தோவிலிருந்து பனிக்காலத்தில் நடத்தியே கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவர் கொன்சாலோ கார்சியா, மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் பிறந்தவர். இன்னொருவர் பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஜப்பானியரான பவுல் மிகி, சிலுவையிலிருந்தபடியே தம்மைக் கொல்ல ஆணையிட்டவரை மன்னிப்பதாகக் கூறினார். பகைவரை நேசிக்க வேண்டும் என்னும் போதனையை வகுப்பறையில் சொல்வது எளிது.

1614-இல் தொக்குகாவா ஆட்சி நாடு முழுவதும் அம்மதத்தைத் தடை செய்தது. அதன் பின் வந்த அடக்குமுறை வெறும் சினத்தால் எழுந்தது அன்று; நன்கு திட்டமிடப்பட்டது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த ஆலயத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். ஐந்து வீடுகள் ஒரு குழு. ஒரு வீட்டில் கிறித்தவர் இருந்தால் ஐந்து வீட்டாரும் பொறுப்பு. பாதிரியாரைக் காட்டிக்கொடுத்தால் வெள்ளிப் பரிசு என்று ஊர்தோறும் பலகைகள் நாட்டப்பட்டன.

கொல்வதால் இம்மதம் அழியவில்லை, கொல்லப்பட்டவரை மக்கள் போற்றுகின்றனர் என்பதை அதிகாரிகள் விரைவிலேயே உணர்ந்தனர். எனவே உயிரைப் பறிப்பதைவிட மறுக்கச் செய்வதே அவர்களின் நோக்கமாயிற்று. குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிடும் கொடுமை அதற்காகவே உருவானது. 1633-இல் அக்குழியில் இருவர் தொங்கினர். சிறுவனாக இருந்தபோது ரோமாபுரிக்குத் தூது சென்று திரும்பிய நகாவுரா ஜூலியன் மறுக்காமல் இறந்தார். இயேசு சபையின் ஜப்பான் தலைவராயிருந்த கிறிஸ்தொவாவோ பெரைரா சில மணி நேரத்தில் மறுத்து, பிறகு ஜப்பானியப் பெயர் பூண்டு அரசுக்குத் துணைநின்றார். எண்டோ ஷுசாக்கு 1966-இல் வெளியிட்ட 'மௌனம்' என்னும் நாவல் இப்பெரைராவைச் சுற்றியே பின்னப்பட்டது.

பொதுமக்களுக்கு வேறொரு சோதனை இருந்தது. 'ஃபுமி-எ' என்பது அதன் பெயர்; மிதிக்கும் படம் என்று பொருள். இயேசுவின் அல்லது மரியாவின் உருவம் பொறித்த தகட்டைத் தரையில் வைத்து, ஒவ்வொருவரும் அதன்மேல் கால் வைக்க வேண்டும். நாகசாகியில் ஆண்டுதோறும் புத்தாண்டை ஒட்டி இது நடந்தது. நடக்க இயலாத நோயாளியின் படுக்கைக்கே தகடு கொண்டுவரப்பட்டது. கைக்குழந்தையின் பாதத்தையும் தாய் அதில் வைத்து எடுக்க வேண்டும். பழைய உருவங்கள் தேய்ந்துபோகவே, 1669-இல் பித்தளையில் புதிதாக 20 தகடுகள் வார்க்கப்பட்டன. 1850-களின் பிற்பகுதி வரை இவ்வழக்கம் நீடித்தது.

மனிதர் முன் தம்மை மறுப்பவரைத் தந்தையின் முன் தாமும் மறுப்பதாக இயேசு உரைத்ததாக மத்தேயு நற்செய்தி 10-ஆம் அதிகாரம் கூறுகிறது. அதை அறிந்தவர்கள்தாம் ஆண்டுதோறும் அத்தகட்டின்மேல் நடந்தார்கள். வீடு திரும்பிக் கதவை அடைத்துக்கொண்டு மனவருத்தச் செபத்தைச் சொன்னார்கள். பாதிரியார் இல்லாத இடத்தில் உண்மையான மனத்துயரே பாவமன்னிப்புப் பெற்றுத் தரும் என விளக்கும் 'கொஞ்சிரிசான்' என்னும் சிறு நூலைக் கையால் படியெடுத்து மறைத்து வைத்திருந்தார்கள். இவர்களைக் கோழைகள் என்று எழுதுவோர் உளர். அவ்வாறு எழுத எனக்குக் கை வரவில்லை. இறந்தவர்கள் அந்த நம்பிக்கைக்குச் சான்று கூறினர். மிதித்தவர்கள் அதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். இரண்டாவது இல்லாவிடில் முதலாவதை நினைவில் வைத்திருக்க ஊரில் யாரும் எஞ்சியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் எவ்வாறு கொடுத்தார்கள் என்பதை ஆசிரியர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பள்ளி இல்லை, குருமார் இல்லை, நூலை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து. ஊர்தோறும் ஒருவர் திருநாள்களின் கணக்கைக் காத்தார். ஒருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தார். செபங்கள் செவிவழியாகவே கற்பிக்கப்பட்டன. 'ஒரசியோ' என்னும் இலத்தீன் சொல் 'ஒராஷோ' ஆயிற்று. பொருள் புரியாத இலத்தீன் வரிகளும் தலைமுறை தலைமுறையாக நாவில் தங்கின. குழந்தையை ஏந்திய கன்னோன் சிலை, அவர்களுக்கு மட்டும் மரியாவாக இருந்தது. ஏழு தலைமுறைக்குப் பின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருமார் கரிய கப்பலில் வருவர் என்று பஸ்தியான் என்பவர் சொல்லிச் சென்றதாக ஒரு நம்பிக்கையும் அவர்களிடையே வழங்கியது.

1865 மார்ச் 17-ஆம் நாள், வெளிநாட்டவருக்காக நாகசாகியில் கட்டப்பட்டிருந்த ஔரா ஆலயத்துக்கு உரகாமி சிற்றூரார் ஏறத்தாழ 15 பேர் வந்தனர். அங்கிருந்த பிரெஞ்சுக் குரு பெத்திழானிடம் ஒரு பெண், தங்கள் உள்ளமும் அவருடைய உள்ளமும் ஒன்றே என்று மெல்லிய குரலில் கூறி, மரியாவின் சிலை எங்கே என்று கேட்டார்.

கதை இங்கே இனிதே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தடை இன்னும் சட்டத்தில் இருந்தது. 1867-இல் உரகாமியில் பலர் கைதாயினர். வதையில் ஏறத்தாழ அனைவரும் மறுத்தனர். தகாகி செனெமோன் என்னும் உழவர் மட்டும் மறுக்கவில்லை. வீடு திரும்பியவர்களால் அமைதியாக இருக்க இயலவில்லை. அவர்களுள் பலர் ஊர்த்தலைவரிடம் தாமாகவே சென்று, தாங்கள் மறுத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தனர்! பின்னர் புதிய மெய்ஜி அரசு உரகாமியினர் ஏறத்தாழ 3,400 பேரையும் பல மாநிலங்களுக்கு நாடு கடத்தியது. சுவானோவில் உறைபனி மூடிய குளத்தில் அமிழ்த்தப்பட்டவர்களும், நிற்க முடியாத சிறு கூண்டில் அடைக்கப்பட்டவர்களும் உண்டு. 600-க்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பவில்லை. மேலைநாடுகளின் கண்டனம் வலுக்கவே, 1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

திரும்பி வந்தவர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, தம் பாட்டன்மார் ஆண்டுதோறும் தகட்டை மிதித்த ஊர்த்தலைவர் வீட்டு நிலத்தையே 1880-இல் விலைக்கு வாங்கினர். அங்கு எழுந்ததே உரகாமிப் பேராலயம். 1945 ஆகஸ்ட் 9-ஆம் நாள் அணுகுண்டு அதற்கு அரைக் கிலோமீட்டர் தொலைவில் வெடித்தது. பங்கைச் சேர்ந்த ஏறத்தாழ 12,000 பேரில் 8,500 பேர் மாண்டனர். ஆலயம் 1959-இல் மீண்டும் கட்டப்பட்டது.

மறைந்திருந்தவர் அனைவரும் ரோமைத் திருச்சபையில் இணைந்துவிடவில்லை. இக்கித்சுகி போன்ற தீவுகளில் ஒரு பகுதியினர் விலகியே நின்றனர். தடை நீங்கிய பின்னும் முன்னோர் ஓதிய ஒராஷோவையே ஓதி, முன்னோர் செய்தவாறே செய்துவந்தனர். முன்னோர் நரகத்தில் இருக்கிறார்கள் என்று கேட்டு அழுத மக்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்கள் வாழ்ந்த சிற்றூர்கள் சில 2018-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.