எரிக்கின் முடிசூட்டு விழா: கிழக்கு ஜெர்மனியும் அஞ்சலில் வந்த காப்பியும்

1977-இல் கிழக்கு ஜெர்மனியின் சமையலறைகளில் ஒரு சிலேடை பிறந்தது. பிரெமன் நகரத்து யாகோப்ஸ் நிறுவனம் 1966 முதல் மேற்கு ஜெர்மனியில் விற்றுவந்த காப்பித்தூளுக்கு ‘குரோனுங்’ என்று பெயர். முடிசூட்டு விழா என்பது அதன் பொருள். கிழக்கு ஜெர்மன் அரசு அவ்வாண்டு கடைகளுக்கு அனுப்பிய புதிய கலவைத்தூளை மக்கள் ‘எரிக்ஸ் குரோனுங்’ என்று அழைக்கலாயினர். எரிக் என்பவர் ஆளுங்கட்சியின் பொதுச்செயலாளர் எரிக் ஹொனேக்கர். இந்தக் கேலி புரிய வேண்டுமாயின் கேட்பவருக்கு மேற்கத்தியக் காப்பியின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அதன் சுவையும் தெரிந்திருந்தால்தான் கேலி முழுமையாகச் சுடும். தன் நாட்டின் வழக்கமான கடை எதிலும் கிடைக்காத ஒரு பொருளின் சுவையை ஒரு சமூகம் முழுவதும் அறிந்திருந்தது எவ்வாறு என்பதே இங்கு எழும் கேள்வி.

விடை அஞ்சலகத்தில் இருக்கிறது. பிரிந்துபோன குடும்பங்களின் மேற்குக் கிளையினர் கிழக்கே இருந்த உறவினருக்கு அனுப்பிய பொதிகள் பல ஆண்டுகளில் இரண்டு கோடியைத் தாண்டின. ‘வெஸ்ட்பாக்கெட்’ என்பது அவற்றின் பெயர். மேலுறையில் ‘அன்பளிப்பு, வணிகப் பொருள் அன்று’ என்ற பொருள்பட எழுதியாக வேண்டும். சுங்கத்தினர் பிரித்துப் பார்ப்பர். எதை எவ்வளவு அனுப்பலாம் என்பதற்கும் வரம்புகள் இருந்தன. அனுப்பியவருக்கு மேற்கு ஜெர்மன் அரசு வருமான வரியில் சலுகை அளித்தது. உள்ளே சாக்லேட்டு, சோப்பு, நைலான் காலுறை ஆகியன இருக்கும். கிறிஸ்துமஸை ஒட்டி உலர்திராட்சையும் பாதாமும் சேரும். எப்போதும் தவறாத பொருள் காப்பி. அட்டைப்பெட்டியைத் திறந்தவுடன் காப்பியும் சோப்பும் கலந்து எழும் மணத்தையே ‘மேற்கின் வாசனை’ என்று அக்காலத்தவர் பலர் நினைவுகூர்கின்றனர். கிழக்கிலிருந்து மறுமொழியாகச் சென்றவை பெரும்பாலும் டிரெஸ்டன் நகரத்து ஸ்டோலன் ரொட்டியும் எர்ஸ்கெபிர்கெ மலைநாட்டு மரப்பொம்மைகளுமே. எல்லைக்கு இருபுறத்தாரும் மறுபுறத்தை ‘டிரூபன்’, அதாவது ‘அந்தப் பக்கம்’ என்ற ஒரே சொல்லால் சுட்டினர். எவர் வாயிலிருந்து வருகிறதோ அதற்கேற்ப அச்சொல்லின் திசை மாறும்.

கிழக்கு ஜெர்மனியர்க்குக் காப்பி மேற்கிலிருந்து கற்றுக்கொண்ட ஆடம்பரம் அன்று. அந்நாட்டின் தென்பகுதியான சாக்சனி ஐரோப்பியக் காப்பிப் பண்பாட்டின் பழைய தாயகங்களுள் ஒன்று. லைப்சிக் நகரில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காப்பிக்கடைகள் இயங்கின. பாக் தம் காப்பிப் பாடலிசையை அமைத்ததும் அந்நகரில்தான். காப்பித்தூளைத் தாளில் வடிக்கும் முறையை 1908-இல் பதிவுசெய்த மெலிட்டா பென்ட்ஸ் டிரெஸ்டனில் வாழ்ந்த இல்லத்தரசி. அவருடைய நிறுவனம் 1929-இல் மேற்கே மின்டனுக்கு இடம்பெயர்ந்தது. ஆகவே, நாடு பிரிந்தபோது தாள்வடிகட்டியின் பிறந்த ஊர் ஒரு நாட்டிலும் அதன் தொழிற்சாலை மறுநாட்டிலும் அமைந்தன.

தட்டுப்பாடும் அந்நிலத்துக்குப் பழையதே. அயல்நாட்டுக் கொட்டைக்குப் பொன்னும் வெள்ளியும் வெளியேறுவதைப் பொறுக்காத பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் 1781-இல் காப்பி வறுப்பதை அரசின் தனியுரிமையாக்கினார். கள்ளத்தனமாக வறுப்போரைத் தெருத்தெருவாக மோப்பம் பிடித்துக் கண்டறிய ஓய்வுபெற்ற படைவீரர்களை நியமித்தார். ‘காப்பி மோப்பர்’ என்பது அவர்களுக்கு மக்கள் இட்ட பெயர். சிக்கரி வேரும் வறுத்த தானியமும் காப்பியின் இடத்தைப் பிடித்தன. இவ்வரலாறு மொழியில் படிந்திருக்கிறது. போலிக் காப்பிக்கு ‘முக்கெஃபுக்’ என்று ஒரு சொல். கிண்ணத்தின் அடியில் தீட்டிய பூ தெரியும் அளவுக்கு நீர்த்த காப்பிக்குச் சாக்சனியர் தந்த பெயர் ‘பிளும்ஷன்காஃபே’, அதாவது பூக்காப்பி. எல்லாவற்றினும் கூர்மையானது ‘போனன்காஃபே’: கொட்டைக் காப்பி. காப்பி என்று சொன்னாலே கொட்டையில் செய்தது என்ற உறுதி இல்லாத சமூகத்தில்தான் இப்படியொரு அடைமொழி தேவைப்படும்.

இனி 1975-க்கு வருவோம். அவ்வாண்டு ஜூலையில் பிரேசிலில் பெய்த கடும் உறைபனி காப்பித் தோட்டங்களைப் பெருமளவில் கருக்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலக விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கிழக்கு ஜெர்மனியின் மார்க்குக்கு உலகச் சந்தையில் மதிப்பில்லை. காப்பியை டாலரிலோ மேற்கு மார்க்கிலோதான் வாங்க வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 15 கோடி மேற்கு மார்க்காக இருந்த செலவு 70 கோடியை நெருங்கியது. மக்களோ காப்பிக்காக ஆண்டுதோறும் ஏறக்குறைய 330 கோடி உள்நாட்டு மார்க் செலவிட்டனர். காலணிக்குச் செலவிட்டதைப் போல இது இருமடங்கு.

அந்நியச் செலாவணியைக் கவனித்த அலெக்சாந்தர் ஷால்க்-கொலோட்கோவ்ஸ்கி, இறக்குமதியைக் கடுமையாகக் குறைக்க வேண்டுமென்றார். ஆல்பர்ட் நோர்டன், வெர்னர் லாம்பர்ட்ஸ் போன்ற கட்சித் தலைவர்கள் மக்களின் சினத்தை அஞ்சி எதிர்த்தனர். கட்சி ஓர் இடைவழியைத் தேர்ந்தது. மலிவான கோஸ்டா வகை கடைகளிலிருந்து அகற்றப்பட்டது; ரோண்டோ, மோனா என்ற விலை மிக்க வகைகள் நீடித்தன. 125 கிராம் ரோண்டோவின் விலை 8.75 மார்க். கோஸ்டாவின் இடத்தில் ‘காஃபே-மிக்ஸ்’ வந்தது. அதில் 51 விழுக்காடு காப்பி. எஞ்சிய 49 விழுக்காட்டில் சிக்கரி, கம்புத்தானியம், சர்க்கரைக்கிழங்கு முதலியன. உணவகங்களின் அழுத்தப் பொறிகளில் இக்கலவை பசைபோல் இறுகி வடிகட்டியை அடைத்தது. முறையீட்டுக் கடிதங்கள் குவிந்தன.

51-க்கு 49 என்ற அளவு தமிழருக்குச் சற்றே வேடிக்கையாகத் தோன்றலாம். இந்திய உணவுத் தர விதிகள் சிக்கரி கலந்த காப்பித்தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கின்றன. அதாவது நம் விதி கீழெல்லையாக அனுமதிக்கும் அளவுதான் அங்கே ஓர் அரசைத் தலைகுனிய வைத்தது. கும்பகோணத்திலோ மயிலாப்பூரிலோ அரைக்கும் கடையில் ‘எண்பதுக்கு இருபது’ என்று கேட்டு வாங்குபவர் சிக்கரியைத் தாமே தேர்கிறார். அது அவருக்குச் சுவை. கிழக்கு ஜெர்மனியருக்கோ சிக்கரி என்பது பஞ்சத்தின், போர்க்காலத்தின் நினைவு. பட்டாணியும் கம்பும் கலந்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை என்பது வேறு.

இருப்பினும், முந்தைய தலைமுறைகள் போலிக் காப்பியைக் குடித்தே காலம் தள்ளியிருக்க, இத்தலைமுறை மட்டும் ஏன் கொந்தளித்தது? ஹொனேக்கர் ஆட்சி நுகர்வு வளத்தை உறுதியளித்திருந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகத் தரும் விளக்கம். அது சரியே; ஆயினும் போதாது. நாட்டில் அருந்தப்பட்ட காப்பியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மேற்கிலிருந்து பொதிகளில் வந்தது. அரசு தன் காப்பியின் அளவையும் விலையையும் திட்டமிட முடிந்தது. அதை ஒப்பிடும் அளவுகோல் அத்தைமார், சித்திமார் கைகளிலிருந்து அஞ்சல்வழி வந்துகொண்டிருந்தது. ஞாயிறு பிற்பகல் விருந்தினருக்கென யாகோப்ஸ் பொதியை அலமாரியில் ஒதுக்கிவைத்த வீட்டில், வார நாள் கலவை ஒவ்வொரு முறையும் தோற்றது. மேற்கே உறவினர் இல்லாதவர்க்கு அந்த அலமாரியும் இல்லை. சமத்துவத்தை அறிவித்த நாட்டில் ஒருவர் குடிக்கும் காப்பியை அவருடைய உறவுமுறையே தீர்மானித்தது.

அரசு இதை அறியாமல் இல்லை. 1974 முதல் குடிமக்கள் மேற்கு மார்க் வைத்திருக்க அனுமதி கிடைத்தது. அதைச் செலவிட ‘இன்டர்ஷாப்’ கடைகள் இருந்தன. மேற்கின் உறவினர் பணம் கட்டிக் கிழக்கில் பொருள் சேர்ப்பிக்க ‘கெனெக்ஸ்’ நிறுவனம் இருந்தது. கொள்கையில் பகையாகிய மேற்கு, கணக்கேட்டில் வழங்குநராக இருந்தது.

கலவை நெடுநாள் நிலைக்கவில்லை. உலக விலை இறங்கத் தொடங்கியது. டாலர் இல்லாமல் காப்பி பெறும் வழிகளும் தேடப்பட்டன. 1977-இல் எத்தியோப்பியாவின் மெங்கிஸ்து அரசுக்கு ஆயுதம் தந்து காப்பி பெற்றனர். அவ்வேற்பாடு விரைவில் தளர்ந்தது. நீண்ட விளைவு கண்டது வியட்நாம் ஒப்பந்தம். 1980 முதல் டாக் லாக் மேட்டுநிலத்தில் தோட்டங்களை விரிக்கக் கிழக்கு ஜெர்மனி பொறிகளும் வண்டிகளும் வல்லுநர்களும் அனுப்பியது. நீர்மின் நிலையம் அமைத்தது. ஈடாக, இருபது ஆண்டுகளுக்கு விளைச்சலில் பாதி அதற்குச் சேர வேண்டும். செடிகள் வளர்ந்து பயன்தரத் தொடங்கியிருந்த நேரத்தில், 1990 அக்டோபர் 3 அன்று, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு இல்லாமற்போயிற்று. பிரேசிலுக்கு அடுத்த பெரிய காப்பி உற்பத்தி நாடாக வியட்நாம் பின்னர் உயர்ந்ததற்குச் சந்தைச் சீர்திருத்தங்கள் உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் டாக் லாக்கின் அந்தத் தோட்டங்களை விட்டுவிட்டு அக்கதையைச் சொல்ல இயலாது.

எல்லை திறந்தபின் கிழக்கின் கடைகளில் யாகோப்ஸ் குரோனுங் அடுக்கடுக்காக வந்து நின்றது. பொதிகள் தேவையற்றுப் போயின. ரோண்டோவை எவரும் சீந்தவில்லை. சில ஆண்டுகள் சென்றன. 1990-களின் பிற்பகுதியில் மாக்டபுர்க் நகரத்து வறுப்பாலை அதே பெயரில் ரோண்டோவை மீண்டும் விற்கத் தொடங்கியது. கிழக்கில் அதை விரும்பிக் கேட்டு வாங்குவோர் இன்றும் இருக்கின்றனர்.