1818, அரை அணா

பழைய நாணயம் சேர்ப்பவர்களில் அந்தச் செம்புக்காசை ஒருமுறையேனும் கையில் வாங்கிப் பார்க்காதவர் குறைவு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம்; மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயர், அரை அணா, 1818. நடைபாதை வியாபாரி அதை மட்டும் துணியில் சுற்றித் தனியாக வைத்திருப்பார். 'சாமி காசு சார். அரிசிய இழுக்கும். லட்சத்துக்குக் கேட்டாங்க, நான்தான் குடுக்கல.' இந்த 'அரிசி இழுக்கும்' பேச்சில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது.

கம்பெனி இப்படியொரு காசை அடித்ததே இல்லை. பூஜையில் வைக்க ராமர் உருவம் பொறித்த வில்லைகள் இருந்ததுண்டு, ராமடங்கா என்பார்கள்; அவை கடைவீதியில் செல்லும் பணமல்ல. யாரோ அந்த உருவத்தைக் கம்பெனியின் பெயரோடு ஒட்டவைத்திருக்கிறார்கள். போலி என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். என்னை உறுத்துவது அந்த வருஷம்.

ஏனென்றால், மதராஸ் ராஜதானியில் கம்பெனி சாமி உருவத்தோடு நாணயம் அடித்ததும் உண்மை. அது தங்கம். வராகன், வெள்ளைக்காரன் வாயில் பகோடா. எடை சுமார் மூன்றரை கிராம். ஒரு பக்கம் விஷ்ணு, மறுபக்கம் புள்ளிகளுக்கு நடுவே நட்சத்திரம். விஜயநகர வழிவந்த இந்த அச்சைக் கம்பெனி விடாமல் பிடித்துக்கொண்டதில் பக்திக்கு வேலையில்லை. உள்நாட்டு நெசவாளியிடமும் தரகரிடமும் துணி வாங்க, அவர்கள் நம்பி வாங்கும் காசு வேண்டும், அவ்வளவுதான். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்பது அன்றைய கணக்கு. 1818இல் வெள்ளி ரூபாய் மதராசின் தலைமை நாணயமாக்கப்பட்டது. 100 வராகனுக்கு 350 ரூபாய். ஆக, போலிக்காசு எந்த வருஷத்தில் சாமியை ஏற்றி உட்கார வைக்கிறதோ, அதே வருஷத்தில்தான் சாமி தன் நாணய பீடத்தை இழக்கிறார்.

புதிய ரூபாயில் இருந்தது யார்? பாரசீக எழுத்தில் முகலாயப் பாதுஷா இரண்டாம் ஆலம்கீர். 1759இல் கொலையுண்டவர். ஆற்காட்டு ரூபாய் மரபில் அவர் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையும் மாற்றாமல் 1835 வரை அடித்துக்கொண்டிருந்தார்கள். செத்த பாதுஷாவின் பெயர் பஜாரில் செல்லுபடியானது. அதனால் இங்கே நாணயத்தில் உள்ள ஆண்டை நம்பிக் காலம் கணிக்க முடியாது. எடை, விளிம்பின் வரிகள், மதராஸ் அக்கசாலையின் தாமரைக் குறி என்று வேறு தடயங்களைத்தான் பார்க்க வேண்டும். பிரதியின் மேற்பரப்பை நம்பாதே என்று நாம் பக்கம்பக்கமாக எழுதுவதை நாணயக்காரர்கள் லென்ஸும் தராசும் வைத்துச் செய்கிறார்கள்.

விலை இன்னொரு கூத்து. 1808ஆம் ஆண்டின் இருபது காசு, பர்மிங்ஹாம் சோஹோ ஆலையில் மதராசுக்காக அடித்தது. அதை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அதிலிருந்து சுமார் பத்து லட்சம் காசுகளை எடுத்தார்கள். இருநூறு வருஷப் பழசு, ஆனாலும் மலிவு. எத்தனை மிச்சம், எந்த நிலையில், யார் தேடுகிறார்கள் என்பதுதான் விலை. வயசுக்கு அதில் பங்கு கொஞ்சம்.

ராமர் காசுக்கு லட்சம் பேசுகிற அதே கடைகளில் ஆலம்கீர் ரூபாயைக் கேட்டுப் பார்த்திருக்கிறேன். 'அது உருதுக் காசு சார். வெள்ளி எடைக்கு எடுத்துக்கங்க' என்கிறார்கள். யாரும் எடுக்காதவை உருக்குப் பட்டறைக்குப் போகின்றன.