அரியலூரின் ஒத்தைப் பல்

'ஜுராசிக் பார்க்' படத்துல சமையலறைக்குள்ள புகுந்து குழந்தைகளைத் தேடுமே, அந்த ராப்டரை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. நிஜ வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான். மங்கோலியாவில் கிடைத்த அதன் முன்கை எலும்பில், இறகுகள் பொருந்தியிருந்த முடிச்சுகளை 2007-ல் கண்டுபிடிச்சாங்க.

ராப்டர்களின் நெருங்கிய உறவு ட்ரூடான்டிட். அது வட கண்டங்களில் மட்டுமே வாழ்ந்ததுன்னு நினைச்சிருந்தாங்க. 2013-ல் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் குழு ஒரு குட்டிப் பல்லைக் காட்டினாங்க. கிடைத்த இடம், நம்ம அரியலூர் பக்கத்துக் கல்லமேடு!

அது டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டம். அப்போ இந்தியா ஆசியாவோடு ஒட்டவே இல்லை. அப்புறம் எப்படி வந்துச்சு? கண்டங்கள் பிரியும் முன்பே இந்தக் கூட்டம் பரவியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஆனா ஒத்தைப் பல்லை வெச்சு முடிவு சொல்லலாமான்னு கேட்கிறவங்களும் உண்டு. இன்னொரு எலும்பு கிடைச்சாத்தான் வழக்கு தீரும்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு பஸ்ல கேட்கிறவங்களுக்கு ஒண்ணு: திருவள்ளூர் மாவட்டப் பாறைகளிலும் டைனோசர் காலத்துச் செடிகளின் புதைபடிவங்கள் இருக்கு. அஸ்திவாரம் தோண்டுறப்போ விநோதமான கல் வந்தா, தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க.