தஞ்சைப் பெரிய கோயில் ஒளிப்படங்கள்

முதலாம் இராசராசன் எழுப்பி கி.பி. 1010இல் நிறைவுற்ற இராசராசேச்சரத்தை, அதாவது தஞ்சைப் பெரிய கோயிலை, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஒளிப்படமாகப் பதிவுசெய்த முயற்சிகளின் வரலாறு. தென்னிந்தியக் கட்டடங்களில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்டவற்றுள் இக்கோயிலும் ஒன்று. காரணம் ஓரளவு இடவசதி. கருவறை விமானத்தைச் சுற்றி அகன்ற திறந்தவெளி இருப்பதால், அடி முதல் கலசம் வரை முழு உருவமும் ஒரே சட்டகத்தில் அடங்கும். சுற்றிலும் மண்டபங்கள் நெருக்கும் மதுரை, திருவரங்கம் போன்ற கோயில்களில் இது எளிதன்று. இந்த வசதியே ஒரு குறையாகவும் ஆயிற்று. கிழக்கே இராசராசன் திருவாயிலைக் கடந்ததும் முன்னே நந்தி மண்டபம், பின்னே விமானம் என்று அமையும் காட்சியை அநேகமாக எல்லோரும் எடுத்தார்கள். அதிலிருந்து விலகியவர்கள் சிலரே.

ஓவியப் பதிவுகள்

ஒளிப்படத்துக்கு முன், ஆங்கில ஓவியர்களான தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் தஞ்சைக்கு வந்து விமானத்தையும் நந்தியையும் வரைந்தனர். அவை பின்னர் அச்சுப்படங்களாக இலண்டனில் வெளிவந்தன. வில்லை வழியே பிம்பத்தை விழச்செய்யும் இருட்டுப்பெட்டியின் உதவியுடன் வரையும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. எனவே வில்லை வழியே கோயிலைப் பார்க்கும் பழக்கம் ஒளிப்படக் கருவிக்கு முந்தியது எனக் கூறுவாருண்டு.

லின்னேயஸ் டிரைப் (1858)

கோயிலின் ஒளிப்பட வரலாற்றில் நன்கு ஆவணப்படுத்தப்பட்ட காலம் இதுவே. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 1822இல் பிறந்த டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் படையில் அதிகாரி. விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது ஒளிப்படக் கலையைக் கற்று, 1854இன் இறுதியில் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவுடன் ஒளிப்படக்காரராகப் போனார். அதன்பின் மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டு, 1857 டிசம்பரில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். அப்பயணத்தில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய ஊர்கள் அடங்கின. தஞ்சை மராட்டிய அரசின் கடைசி மன்னர் 1855இல் இறந்து, அரசு கம்பெனியின் கைக்குப் போயிருந்த சமயம் அது. வடக்கே சிப்பாய்க் கிளர்ச்சி இன்னும் ஓய்ந்திருக்கவில்லை.

டிரைப் பெரிதும் பயன்படுத்தியது மெழுகூட்டிய காகித நெகட்டிவ். கண்ணாடித் தகட்டைவிட இலேசானது. முன்கூட்டியே தயாரித்து வைத்து, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தலாம். வண்டிப் பயணத்துக்கு ஏற்றது. ஆனால் ஒளிபட வேண்டிய நேரம் அதிகம். குறுக்கே நடந்து போகிறவர்கள் பதிவாக மாட்டார்கள். அசையாமல் நின்றவர் மட்டுமே விழுவார். அவருடைய தஞ்சைப் படங்களில் திருச்சுற்று வெறிச்சோடிக் கிடப்பதற்கு இது ஒரு காரணம். கட்டடமே பொருள் என்பதால் ஆட்களை அவரே தவிர்த்தார் என்பாரும் உளர். இரண்டும் சேர்ந்தே நிகழ்ந்திருக்கலாம்.

அக்கால வேதிப்பூச்சு நீல ஒளிக்கு மட்டுமீறி வினைபுரியும். பச்சைக்கு ஏறத்தாழக் குருடு. அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கருந்திட்டுகளாகவும் விழும். டிரைப் இதைச் சும்மா விடவில்லை. நெகட்டிவின் மேலேயே தூரிகையால் வண்ணம் தீட்டி வானத்தில் மேகங்களை வரவழைத்தார். இலைகளுக்கு ஒளி கொடுத்தார். 1858ஆம் ஆண்டுப் படங்களில் விமானத்தின் பின்னே மிதக்கும் மேகங்களுள் பல தஞ்சை வானத்தில் இருந்தவை அல்ல, அவர் கையால் தீட்டியவை. அரசு ஆவணமாக எடுக்கப்பட்ட படத்தில் இது தகுமா என்ற கேள்வி பிற்காலத்தில் எழுந்தது. கல்லின் மேல் அவர் கைவைக்கவில்லை என்பது பொதுவான விடை. மேகங்கள் அழகாகவே இருக்கின்றன என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

இப்பயணத்தின் தனிச்சிறப்பு, விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைப் பதிவுசெய்த நீள்படம். 21 அச்சுப்படிகளை ஒட்டி உருவாக்கிய இது சுமார் 19 அடி நீளம் கொண்டது. அகலக் காட்சி எடுப்போர் வழக்கமாக ஓரிடத்தில் நின்று கருவியைத் திருப்புவார்கள். இங்கே அது உதவாது. சுவர் நேராக ஓடுவதால் ஓரங்களில் எழுத்து சரிந்துவிடும். டிரைப் கருவியைச் சுவருக்கு இணையாக, ஒரே தொலைவில், ஒரே உயரத்தில் அடுத்தடுத்து நகர்த்தி எடுத்தார். ஒரு படத்தின் வலது ஓரமும் அடுத்ததன் இடது ஓரமும் பொருந்த வேண்டும். வெயிலின் சாய்வு மாறுவதற்குள் வேலை முடிய வேண்டும். ஒட்டிய இடங்களில் நிறம் சற்றே மாறுவதைக் கூர்ந்து பார்த்தால் காணலாம். கோயிலை அண்ணாந்து பார்ப்பதே வழக்கமாக இருந்த நாளில், உச்சியை முற்றாக விட்டுவிட்டு அடிப்பாகத்தை மட்டும், அதுவும் எழுத்து வரிகளைப் பின்தொடர்ந்து எடுத்த படம் இது.

இதன் நோக்கம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. கல்வெட்டைப் படிக்க அறிஞர்களுக்கு உதவுவதே நோக்கம் என்பது ஒரு சாரார் கருத்து. கையால் படியெடுப்பதைவிட ஒளிப்படம் மேலானது என்று அரசுக்கு நிறுவிக் காட்டுவதே முதன்மை நோக்கம் என்பது மற்றொன்று. எவ்வாறாயினும், கோயிலைக் கட்டியவர் யார் என்பதே அன்று தெளிவாகவில்லை. 1886இல் அரசு கல்வெட்டியலாளராக அமர்ந்த ஹூல்ட்ஷ் இக்கல்வெட்டுகளை ஆராய்ந்து ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் வெளியிடத் தொடங்கிய பின்னரே இராசராசன் பெயர் ஐயமின்றி நிலைபெற்றது. டிரைப்பின் நீள்படம் அப்பணிக்குப் பயன்பட்டது என உறுதியாகச் சொல்லச் சான்றில்லை.

தஞ்சைப் படங்கள் திருவையாற்றுப் படங்களுடன் சேர்ந்து 1858இல் தொகுப்பாக வெளிவந்தன. அடுத்த ஆண்டு மதராஸ் ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், கிளர்ச்சிக்குப் பின் நலிந்திருந்த கருவூலத்துக்கு இது தாங்காத ஆடம்பரம் என்று கருதி ஒளிப்படப் பிரிவை மூடவைத்தார். அதன்பின் டிரைப் எடுத்த படங்கள் மிகச் சில. 1902இல் காலமானார். 2014–15இல் வாஷிங்டன், நியூயார்க், இலண்டன் நகரங்களில் அவருடைய படங்களுக்குப் பெரிய கண்காட்சி நடைபெற்றது.

1860களுக்குப் பின்

எட்மண்ட் டேவிட் லயன் 1867–68இல் அரசுப் பணியாகத் தென்னிந்தியக் கட்டடங்களைப் படமெடுத்தார். சாமுவேல் போர்ன் 1869இல் தஞ்சைக்கு வந்தார். ஈரக் கண்ணாடித் தகடு பரவியிருந்த காலம் இது. பூச்சு காய்வதற்குள் எடுத்துக் கழுவிவிட வேண்டும் என்பதால் இருட்டுக் கூடாரத்தைக் கோயில் வாசல்வரை சுமந்து வந்தார்கள். மதராஸ் ஒளிப்பட நிலையங்கள் விற்ற படங்களும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த அஞ்சலட்டைகளும் கிழக்குக் காட்சியையே திரும்பத் திரும்ப அச்சிட்டன. 1954இல் வெளியான 1000 ரூபாய் நோட்டின் பின்புறத்திலும் இக்கோயில் இடம்பெற்றது. அந்த நோட்டு 1978இல் செல்லாததாக்கப்பட்டது.

உட்புறம்

கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி வெளிப்படுத்தினார். ஒளிப்படக்காரருக்கு இது வேறுவகைச் சிக்கல். வெளியே எவ்வளவு தொலைவு வேண்டுமானாலும் பின்வாங்கலாம். உள்ளே இரண்டடி பின்னால் வைத்தால் முதுகு எதிர்ச்சுவரில் முட்டும். சுவரோ தலைக்கு மேல் நெடுக உயர்ந்து நிற்கிறது. எனவே நடனமாதர், சுந்தரர், முப்புரம் எரித்த பெருமான் என ஒவ்வோர் ஓவியமும் நெடுங்காலம் துண்டு துண்டாகவே நூல்களில் வந்தது. இந்தியத் தொல்லியல் துறை 2011இல் வெளியிட்ட பி.எஸ். ஸ்ரீராமனின் ‘சோழர் சுவரோவியங்கள்’ குறித்த ஆங்கில நூல், பகுதிகளைக் கணினியில் இணைத்து முழுக்காட்சியைத் தந்தது. 1858ஆம் ஆண்டின் ஒட்டுவேலைக்கும் இதற்கும் முறையில் அதிக தூரமில்லை. மேல்தளத்திலுள்ள 81 நடனக் கரணச் சிற்பங்கள் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. அவற்றின் படங்கள் பெரும்பாலும் ஆய்வு நூல்களில் வந்தவை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பும் இத்துறைக்கு முக்கியமானது.

படங்களும் செவிவழிச் செய்திகளும்

விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற பேச்சு இன்றும் வழங்குகிறது. மாலைவேளைப் படங்கள் பலவற்றில் நிழல் தெளிவாகவே விழுந்து கிடக்கிறது. நண்பகலில் அது அடித்தளத்திலேயே அடங்கிவிடுவதைக் குறித்துப் பிறந்த பேச்சாக இருக்கலாம். விமானத்தின் உயரத்தை 216 அடி என்று பலரும், 60 மீட்டரை ஒட்டியது என்று வேறு சிலரும் எழுதுகின்றனர். தொலைநோக்கு வில்லை பரவலான பின் அதிகம் எடுக்கப்பட்டது, விமானத்தின் வடபுறத்தில் உள்ள தொப்பியணிந்த ஐரோப்பியர் போன்ற உருவம். தரங்கம்பாடி டேனியர் தொடர்பால் நாயக்கர் காலத்தில் சேர்ந்தது என்றும், மராட்டியர் காலத் திருப்பணியின்போது வந்தது என்றும் இருவேறு கருத்துகள் உள்ளன. வெறுங்கண்ணுக்கு அது ஒரு சிறு புடைப்பு மட்டுமே. படத்தில் பார்த்துவிட்டு, அதைத் தேடிக் கழுத்தை வளைப்பவர்கள் வடக்குச் சுற்றில் எப்போதும் சிலர் இருப்பர்.

அண்மைக்காலம்

1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட பின்பும், 2010இன் ஆயிரமாவது ஆண்டு விழாவின்போதும் படங்கள் பெருகின. 2020 பிப்ரவரி குடமுழுக்கை ஒட்டி வானிலிருந்து எடுத்த காட்சிகள் பரவலாயின. திருச்சுற்று மாளிகைத் தூண்களின் இடைவெளியில் விமானத்தை ஒரு கீற்றாக மட்டும் காட்டுவது, மழை விட்டதும் தரையில் தேங்கிய நீரில் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து உச்சியை எடுப்பது ஆகியவை இப்போதைய வழக்கங்கள். கோயில் கிழக்கு நோக்கியதாதலால் காலையில் முகப்பும், மாலையில் பின்புறமும் ஒளிபெறும். மேற்குச் சுற்றில் மாலை வெயிலில் கல் பொன்னிறமாகும் காட்சியை நாடி வருவோர் கூடியுள்ளனர். கருவறையில் படமெடுக்க அனுமதியில்லை. முக்காலிக்கும் ஆளில்லா வானூர்திக்கும் முன் அனுமதி தேவை.