மூன்று இலக்கப் பதிலின் வரலாறு

ஜெனீவாவை ஒட்டியுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1991ஆம் ஆண்டில் வரையறுத்த எச்.டி.டி.பி.யின் முதல் வடிவம் மிக எளியது. ‘கெட்’ என்ற சொல்லும் ஆவணத்தின் முகவரியும் கொண்ட ஒற்றை வரியே கோரிக்கை, ஆவணமே பதில். கேட்டது இல்லையென்றால், அதை விளக்கும் சில வரிகள் ஆவண வடிவிலேயே வந்துசேரும். திரையின் முன் இருப்பவர் படித்துப் புரிந்துகொள்வார். தானே கோரிக்கை அனுப்பும் நிரலுக்கோ, வந்தது ஆவணமா மறுப்பா என்று அறிய வழியில்லை.

இதற்கான விடை இணையத்தின் பழைய மரபில் ஏற்கெனவே இருந்தது. ஜான் போஸ்டல் 1982இல் எழுதிய மின்னஞ்சல் நெறிமுறையான எஸ்.எம்.டி.பி.யில் ஒவ்வொரு பதிலும் மூன்று இலக்க எண்ணுடன் தொடங்கும். எண் இயந்திரத்துக்கு; அதைத் தொடரும் சொற்கள் மனிதருக்கு. 1996 மே மாதம் ஆர்.எஃப்.சி. 1945 என வெளியான எச்.டி.டி.பி. 1.0 இம்முறையையே பின்பற்றியது. 2இல் தொடங்கும் எண் வெற்றியையும், 3 இடமாற்றத்தையும், 4 கேட்டவர் பக்கப் பிழையையும், 5 வழங்கியின் பிழையையும் குறித்தன.

அதற்குள் நிரல்கள் வலையில் உலவத் தொடங்கியிருந்தன. வலையின் வளர்ச்சியை அளக்க எம்.ஐ.டி.யின் மேத்யூ கிரே 1993இல் பெர்ல் மொழியில் ‘வாண்டரர்’ நிரலை எழுதினார். இத்தகைய நிரல்களின் சுமையைக் கட்டுப்படுத்த 1994இல் மார்ட்டின் கோஸ்டர் ‘ரோபாட்ஸ்’ கோப்பு முறையை முன்மொழிந்தார். அது முறையான ஆவணமாக, ஆர்.எஃப்.சி. 9309 என வெளிவந்தது 2022இல்தான். அதன்படி, அக்கோப்பைக் கேட்கும்போது 4 வரிசை எண் வந்தால் நிரல் தளத்துக்குள் செல்லலாம்; 5 வரிசை எண் வந்தால் முழுத் தடை எனக் கொள்ள வேண்டும். இரு நிலையிலும் கோப்பு கைக்கு வரவில்லை. அனுமதியைத் தீர்மானிப்பது முதல் இலக்கமே.

எனினும் அந்த எண் வழங்கியின் கூற்று மட்டுமே. ஸிவ் பார்-யோசெஃப், ஆண்ட்ரே பிராடர், ரவி குமார், ஆண்ட்ரூ டாம்கின்ஸ் ஆகியோர் வலையின் சிதைவு பற்றி 2004இல் வெளியிட்ட ஆய்வு, மறைந்துபோன பக்கங்களுக்கும் 200 என்றே பதில் தரும் வழங்கிகளைக் கவனப்படுத்தியது. ‘மென் 404’ எனப்படும் இந்நிலையில் 1991இன் சிக்கல் வெற்றியின் எண்ணைச் சூடிக்கொண்டு திரும்புகிறது.

எண்ணியல் தரவுகளைத் திரட்டும் ஆய்வுகளில் இதன் விளைவு சிறியதன்று. 200ஐ மட்டும் நம்பும் நிரல், ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற அறிவிப்பையும் மூல ஆவணமாகச் சேமிக்கும். சொற்கணக்கில் அதுவும் சேரும். மாறாக, அளவுக்கு மிஞ்சிய கோரிக்கைகளுக்கென 2012இல் வரையறுக்கப்பட்ட 429ஐ ‘ஆவணம் இல்லை’ எனப் பதிந்தால், நிரலின் அவசரம் வரலாற்றின் வெற்றிடமாகத் தோற்றமளிக்கும். சட்டக் காரணத்தால் மறுக்கப்பட்டவற்றுக்கு 2016இல் 451 என்ற தனி எண் வந்தது. நூல்கள் எரிக்கப்படும் சமூகத்தைச் சித்திரித்த ரே பிராட்பரியின் நாவலை நினைவூட்டும் எண் அது. அதை 404உடன் ஒன்றாக எண்ணினால் தணிக்கையின் தடயமே அழிந்துவிடும்.

ஆவணக் காப்பகத்தில் கோரிக்கைச் சீட்டு ‘இல்லை’ என்றும், ‘வேறொருவரிடம் உள்ளது’ என்றும், ‘பார்வைக்குத் தடை’ என்றும் திரும்பலாம். மூன்றையும் ஒன்றாகக் கருதும் வரலாற்றாய்வாளர் இல்லை. நிரல் பெறும் ஒவ்வொரு பதிலின் எண்ணும், பெற்ற நாளும் நேரமும், பக்கத்தின் உள்ளடக்கமும் ஒருசேரப் பாதுகாக்கப்பட வேண்டிய சான்றுகளாவது இதனால்தான்.